ஒரே டீசல் என்ஜின், நாட்டுக்கு ஒரு மைலேஜ்: புகை விதியால் போவது எவ்வளவு?

வீல்பேஸ் | பதிவு 1

மாஸ்டா சி.எக்ஸ்-5, 2.2 லிட்டர் ஸ்கைஆக்டிவ்-டி டீசல். பிரிட்டனில் விற்றபோது விளம்பரத்தில் கேலனுக்கு 61.4 மைல் என்று போட்டார்கள். அதே என்ஜின் குடும்பம் 2019-இல் அமெரிக்காவுக்குப் போனபோது அரசு ஸ்டிக்கரில் இருந்தது 28 மைல். பாதிகூட இல்லை.

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "அமெரிக்காவில் நாக்ஸ் (புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள்) விதி ரொம்பக் கடுமை, மைலேஜ் அதில் போய்விடுகிறது" என்பது. நம் ஊரில் பி.எஸ்-6 புகை விதி வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். விதியால் உண்மையில் போவது எவ்வளவு, மற்றதெல்லாம் கணக்கு வித்தியாசமா? எண்களோடு பேசுவோம். "என் வண்டி 25 தருது" பதிவுகள் வேண்டாம். அதற்குத் தனி இழை இருக்கிறது.

---

கேலன்_கணக்கு | பதிவு 2

முதலில் அலகைச் சரிசெய்யுங்கள் சார். பிரிட்டன் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். பிரிட்டன் எண்ணை 0.354-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று வரும். அமெரிக்க எண்ணுக்கு 0.425.

61.4 என்பது லிட்டருக்கு 21.7 கி.மீ., அதாவது 100 கி.மீ.க்கு 4.6 லிட்டர். 28 என்பது லிட்டருக்கு 11.9 கி.மீ., 100 கி.மீ.க்கு 8.4 லிட்டர்.

அடுத்தது, அந்த 61.4 எந்த வண்டிக்கு என்று பார்க்க வேண்டும். 150 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம், மேனுவல் கியர். அமெரிக்காவில் விற்றது நாலு சக்கர இயக்கமும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்த ஒரே வகைதான். ஐரோப்பாவில் அதே அமைப்பில் எடுத்தால் பழைய சோதனைப்படி ஐந்தரை லிட்டர் வாக்கில் வரும்.

ஆகப் பேச வேண்டிய இடைவெளி 5.5-க்கும் 8.4-க்கும் நடுவில்தான். இனிமேல் 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்றே பேசுவோம். லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று பார்த்தால் மேல்மட்டத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். 25-இலிருந்து 22-க்கு இறங்கினாலும், 11-இலிருந்து 10.4-க்கு இறங்கினாலும் 100 கி.மீ.க்குக் கூடுதலாகப் போவது கிட்டத்தட்ட அதே அரை லிட்டர்தான்.

---

நாலுகியர் | பதிவு 3

அந்த 5.5-ஐயே நம்பக் கூடாது. அது என்.இ.டி.சி. என்ற பழைய ஐரோப்பியச் சோதனையின் எண். மொத்தம் 1180 விநாடி, 11 கி.மீ., சராசரி வேகம் 33.6. ஏ.சி. ஆஃப். 120 கி.மீ. வேகத்தைச் சில விநாடி தொட்டுவிட்டு இறங்கிவிடும். டயரில் காற்றை ஏற்றிக்கொள்ளலாம், பேட்டரியை நிறைத்துக்கொண்டு வந்து ஆல்டர்னேட்டர் சுமையைத் தவிர்க்கலாம். இதெல்லாம் சட்டத்துக்கு உட்பட்டே செய்தவை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையான இ.பி.ஏ. 2008 மாடல் ஆண்டிலிருந்து ஐந்து சோதனைகளை வைத்து ஸ்டிக்கர் எண்ணைக் கணக்கிடுகிறது. ஒன்று மைனஸ் 7 டிகிரி குளிரில். ஒன்று 35 டிகிரி வெயிலில் ஏ.சி. போட்டு. ஒன்று 129 கி.மீ. வேகம் வரை, முரட்டு ஆக்சிலரேஷனோடு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து "விதி மைலேஜைக் குறைச்சுட்டு" என்பது, ஒருத்தனைக் காலையில் வெறும் வயிற்றிலும் இன்னொருத்தனை விருந்து முடிந்ததும் எடை பார்த்துவிட்டு இவன் குண்டு என்பது மாதிரி.

வாகனப் புகையை ஆராயும் ஐ.சி.சி.டி. அமைப்பின் ஆய்வில் ஐரோப்பியக் கார்களின் அறிவித்த எரிபொருள் செலவுக்கும் சாலைச் செலவுக்கும் இடைவெளி 2001-இல் 9 சதவீதம், 2015-இல் 42 சதவீதம். 5.5-இல் 40 சதவீதம் ஏற்றினால் 7.7. இ.பி.ஏ. சொல்வது 8.4. மிச்சம் 0.7 லிட்டர். அமெரிக்காவுக்காகச் சேர்த்த, நாக்ஸைக் குறைக்கும் யூரியா அமைப்பு, எடை, அந்த ஊர் டீசல், வேகம் எல்லாம் இந்த 0.7-க்குள்தான் அடங்கியாக வேண்டும்.

---

இன்ஜெக்டர்_துளை | பதிவு 4

நாலுகியர், திசை சரி, ஆனால் அந்த 42 சதவீதம் மொத்தச் சந்தையின் சராசரி. கம்பெனி கார்டில் டீசல் போட்டு ஆட்டோபானில் பறப்பவர்களும் அதில் உண்டு. அதை ஒரு குறிப்பிட்ட காரின் மேல் அப்படியே ஏற்ற முடியாது. 0.7 என்பது உத்தேசம், அவ்வளவுதான்.

என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் விதியின் பங்கு தானாகத் தெரியும். முதலில் வரம்புகள், டீசல் காரின் நாக்ஸ் மட்டும், கி.மீ.க்கு மில்லிகிராமில்: ஐரோப்பிய விதியான யூரோ 3-இல் 500, யூரோ 4-இல் 250, யூரோ 5-இல் 180, யூரோ 6-இல் 80. ஜப்பானில் 2009 விதியிலும் 80. இந்தியாவில் பி.எஸ்-4 என்பது 250, பி.எஸ்-6 என்பது 80. நடுவில் 5-ஐத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்காவில் டயர் 2 பின் 5 என்ற பிரிவில் (2017-இல் டயர் 3 வரும் வரை இருந்த விதி) மைலுக்கு 0.07 கிராம், அதாவது கி.மீ.க்கு 43 மி.கி. வாக்கில், அதுவும் 1,20,000 மைல் ஓடிய பிறகும் தாங்க வேண்டியிருந்தது. அங்கே பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்ற சலுகை கிடையாது. ஐரோப்பா யூரோ 6-இலும் பெட்ரோலுக்கு 60, டீசலுக்கு 80 என்று பிரித்தே வைத்திருக்கிறது.

டீசலில் நாக்ஸ் உருவாவது சூட்டால். சிலிண்டருக்குள் வெப்பம் அதிகமாக இருந்தால், கூடவே ஆக்சிஜனும் மிச்சம் இருந்தால், காற்றில் உள்ள நைட்ரஜன் எரிகிறது. சிக்கல் என்னவென்றால், எரிபொருள் சிக்கனமும் அதே சூட்டில்தான் இருக்கிறது. பிஸ்டன் மேல்புள்ளியை நெருங்கும்போது சரியான நேரத்தில் இன்ஜெக்ஷன் நடந்தால் அழுத்தம் முழுதாக வேலையாக மாறும். நாக்ஸைக் குறைக்க இன்ஜெக்ஷனைச் சில டிகிரி தள்ளிப்போட்டால் எரிதல் பிந்துகிறது, சூடு சைலன்சர் வழியாகப் போகிறது, டீசல் கூடுதலாகச் செலவாகிறது.

குறைக்க மூன்று வழி உண்டு. மூன்றும் மைலேஜை ஒரே மாதிரி பாதிப்பதில்லை.

ஈ.ஜி.ஆர். என்பது புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடுவது. ஆக்சிஜன் குறைந்து வெப்பம் தணியும். விலை மலிவு. ஆனால் அளவு கூடக்கூடக் கரி அதிகமாகும், அந்தக் கரி டி.பி.எஃப். வடிகட்டியை நிரப்பும், வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய மறுபடி டீசல் வேண்டும். செலவு ஒன்றோடு நிற்காது.

எல்.என்.டி. நாக்ஸைப் பேரியம் பூச்சில் பிடித்து வைத்துக்கொள்ளும். நிரம்பியதும் என்ஜின் சில விநாடி வேண்டுமென்றே டீசலை அதிகமாகப் பீய்ச்சி அதை நைட்ரஜனாக மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஓட்டத்தைப் பொறுத்து நடக்கும். அந்த டீசல் சக்கரத்துக்குப் போவதில்லை. போதாக்குறைக்கு டீசலில் உள்ள கந்தகமும் அதே பூச்சில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற அவ்வப்போது 650 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். மொத்தத்தில் 2 முதல் 4 சதவீதம் டீசல் இதற்கே போகும். 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு) கந்தகம் இருந்த பி.எஸ்-3 டீசலில் இது பிழைத்திருக்காது. 10 பி.பி.எம். டீசல் வந்த பிறகே இதைப் பற்றி யோசிக்க முடிந்தது.

எஸ்.சி.ஆர். யூரியாக் கரைசலைப் புகைக்குழாயில் தெளிப்பது. யூரியா அமோனியாவாகி நாக்ஸை நைட்ரஜனாக்கும். செலவாவது யூரியா, டீசல் அல்ல. அதைவிட முக்கியம், பின்னால் கழுவ ஆள் இருப்பதால் என்ஜினைச் சூடாக, சிக்கனமாக ஓடவிடலாம். இன்ஜெக்ஷனை முன்னுக்குக் கொண்டுவரலாம், ஈ.ஜி.ஆர். அளவைக் குறைக்கலாம். விதி கடுமையானபோது மைலேஜ் கூடிய இடமும் இருக்கிறது, காரணம் இதுதான். 2010-இல் அமெரிக்க லாரிகள் எஸ்.சி.ஆர்.-க்கு மாறியபோது, 2007 விதிக்காக இழந்த சிக்கனத்தில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்தார்கள். யூரியா வேண்டாம், ஈ.ஜி.ஆர். மட்டுமே போதும் என்று நின்ற அமெரிக்க லாரி நிறுவனம் நாவிஸ்டார் 2012-இல் அந்தப் பாதையைக் கைவிட்டு எஸ்.சி.ஆர்.-க்கு வந்தது.

அதனால் கேட்க வேண்டியது எத்தனை மில்லிகிராம் என்று அல்ல. அந்த எண்ணை எட்ட எந்த வழியைப் பிடித்தார்கள் என்றுதான்.

---

ஓஎம்ஆர்_டீசல் | பதிவு 5

அருமை அண்ணா. இந்தியாவில் ஒரே வண்டி, ஒரே என்ஜின், விதி மட்டும் மாறிய உதாரணம் ஏதாவது உண்டா? மாருதி 1.3 டீசலை 2020 ஏப்ரலோடு நிறுத்திவிட்டதால் ஸ்விஃப்டை வைத்து ஒப்பிட முடியவில்லை.

---

கேலன்_கணக்கு | பதிவு 6

ஹோண்டா அமேஸ் 1.5 டீசல். மேனுவல், பி.எஸ்-4-இல் அறிவித்தது 27.4 கி.மீ., பி.எஸ்-6-இல் 24.7. சி.வி.டி. ஆட்டோமேட்டிக் 23.8-இலிருந்து 21.

லிட்டரில் மாற்றினால் மேனுவல் 3.65-இலிருந்து 4.05. பதினொரு சதவீதம் கூடுதல் டீசல். உடல் அதே, என்ஜின் அதே, சோதனையும் அதே இந்திய ஓட்டுச் சுழற்சி. அதில் உச்ச வேகம் 90-தான், ஐரோப்பாவின் 120 கிடையாது. நாக்ஸ் 250-இலிருந்து 80-க்கு ஒரே தாவலாக இறங்கியதற்கும், துகள் எண்ணிக்கை வரம்பு வந்து டி.பி.எஃப். கட்டாயம் ஆனதற்கும் சேர்த்து வந்த விலை அது.

வீல்பேஸ் சார் கேட்ட கேள்விக்கு, எனக்குத் தெரிந்து ரொம்பச் சுத்தமான ஒப்பீடு இதுதான். நாடும் மாறவில்லை, கேலனும் மாறவில்லை.

---

நாலுகியர் | பதிவு 7

பதினொன்று என்பது மேல் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன டீசல் காரில் யூரியா டேங்க் வைக்க இடமும் இல்லை, விலையும் தாங்காது. அதனால் டீசல் செலவாகும் வழியைத்தான் பிடிப்பார்கள். பெரிய வண்டியில் யூரியா வைக்க முடியும், அங்கே அடி குறைவு. எக்ஸ்.யூ.வி.700 டீசல் அந்த ரகம்.

மாருதி ஒதுங்கிக்கொண்டதற்கும் அடிப்படை இதுதான். எட்டு லட்சம் வண்டியில் சுத்திகரிப்பு அமைப்பின் விலை உறுத்தும், இருபது லட்சம் வண்டியில் தெரியாது.

---

வீல்பேஸ் | பதிவு 8

நாடு விட்டு நாடு ஒப்பிட ஒரு குறுக்குவழி தோன்றுகிறது. அதே நாட்டில், அதே சோதனையில், அதே காரின் பெட்ரோல் வகையோடு டீசலை ஒப்பிட்டால்? கேலனும் சோதனைச் சுழற்சியும் இரண்டுக்கும் பொது, அதனால் அடிபட்டுப் போகும்.

ஐரோப்பா: சி.எக்ஸ்-5 முன்சக்கரம், 2.0 பெட்ரோல் 6.0 லிட்டர், 2.2 டீசல் 4.6. டீசல் 23 சதவீதம் குறைவு.
ஜப்பான், ஜே.சி.08 சோதனை: பெட்ரோல் லிட்டருக்கு 16.0 கி.மீ., டீசல் 18.6. லிட்டரில் 14 சதவீதம் குறைவு.
அமெரிக்கா, நாலு சக்கரம்: பெட்ரோல் 26 மைல், டீசல் 28. 7 சதவீதம் குறைவு.

23, 14, 7. விதி கடுமையாகும் வரிசையிலேயே டீசலின் லாபம் சுருங்குகிறதே?

---

இன்ஜெக்டர்_துளை | பதிவு 9

பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் நடுவில் உள்ள ஜப்பான் அந்த வரிசையை உடைக்கிறது. ஜப்பானிலும் வரம்பு 80, ஐரோப்பாவிலும் 80. ஸ்கைஆக்டிவ்-டி இரண்டு இடத்திலும் எல்.என்.டி.யும் இல்லாமல் யூரியாவும் இல்லாமல்தான் தேறியது. கம்ப்ரஷனை 14-க்கு 1 என்று இறக்கியதில்தான் அந்த சூட்சுமம். மேல்புள்ளியில் வெப்பம் குறைவு என்பதால் டீசல் பற்றுவதற்கு முன் காற்றோடு கலக்க நேரம் கிடைக்கிறது. தள்ளிப்போடாமலேயே நாக்ஸும் கரியும் குறைகின்றன. விதி ஒன்று, வன்பொருள் ஒன்று, ஆனால் லாபம் 23-உம் 14-உம். காரணம் சோதனை. ஜே.சி.08-இன் சராசரி வேகம் 24 கி.மீ. சுமார், முப்பது சதவீதம் நேரம் வண்டி நிற்கிறது, உச்சம் 82-ஐத் தாண்டாது. போதாததற்கு ஐரோப்பிய எண் மேனுவலுக்கு, ஜப்பான் எண் ஆட்டோமேட்டிக்குக்கு. சுழற்சி இரண்டுக்கும் பொதுவாக இருந்தாலும் இரண்டு என்ஜினையும் ஒரே மாதிரி பாதிக்காது. மெதுவான சுழற்சியில், வண்டி நின்றால் என்ஜினை அணைக்கும் ஐ-ஸ்டாப் பெட்ரோலுக்கும் கைகொடுக்கிறது.

அமெரிக்காவில் எதிரே நிற்கும் பெட்ரோலும் வேறு. ஐரோப்பாவின் 2.0 அல்ல அது, தேவைப்படாதபோது இரண்டு சிலிண்டரை அணைக்கும் 2.5. எதிரி பலமானவன்.

ஆனாலும் அமெரிக்க எண்ணில் ஒரு உண்மை மறைந்திருக்கிறது. இ.பி.ஏ. கணக்கில் ஒரு கேலன் டீசல் எரிந்தால் 10,180 கிராம் கரியமில வாயு, பெட்ரோல் 8,887. அப்படியானால் 28 மைல் டீசல் மைலுக்கு 364 கிராம், 26 மைல் பெட்ரோல் 342 கிராம். டீசல் வாங்கியவர் வாயுவைக் கூடுதலாகத்தான் விட்டார். டீசலில் லிட்டருக்கு ஆற்றலும் கார்பனும் அதிகம் என்பதால் முதல் பதின்மூன்று, பதினான்கு சதவீத மைலேஜ் லாபம் திரவத்தின் அடர்த்தியால் வருவது. அதற்கு மேல் வந்தால்தான் என்ஜினின் சாமர்த்தியம். அமெரிக்க விதிக்குள் நுழைய எஸ்.சி.ஆர். சேர்த்து, எடை ஏற்றி, விலையும் ஏற்றிய பிறகு அந்தச் சாமர்த்தியத்துக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. வண்டி அங்கே நிலைக்காததில் ஆச்சரியம் என்ன?

---

ஓஎம்ஆர்_டீசல் | பதிவு 10

அப்போ ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா டி.டி.ஐ.? அமெரிக்காவில் ஸ்டிக்கரைவிட ஓட்டுபவர்களுக்கு நன்றாகக் கிடைத்ததாகப் படித்திருக்கிறேன். அந்தப் புகைச் சோதனை மோசடியால்தானா?

---

நாலுகியர் | பதிவு 11

பெரும்பங்கு அதனால்தான். இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம்: மோசடி நடந்தது சாலையில், சோதனைக்கூடத்தில் அல்ல. உருளையின் மேல் ஓடும்போது மென்பொருள் அதைக் கண்டுபிடித்து ஒழுங்காக, சுத்தமாக ஓடியது. ஸ்டிக்கரில் உள்ள 30 நகரம், 42 நெடுஞ்சாலை என்பது அந்தச் சுத்தமான நிலையின் மைலேஜ். சாலையில் இறங்கியதும் சுத்திகரிப்பைத் தளர்த்திவிட்டது. நாக்ஸ் வரம்பைவிட 40 மடங்கு வரை போனது, டீசல் மிச்சமானது. எல்.என்.டி. அடிக்கடி கேட்கும் கூடுதல் டீசல், டி.பி.எஃப்.-இல் சேரும் கரி இரண்டும் குறைந்ததால்.

2015 செப்டம்பரில் இ.பி.ஏ. நோட்டீஸ் விட்ட பிறகு அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் ஒரு வேலை செய்தது. வண்டியைச் சோதனை நிலையில் இருப்பதாக நம்பவைத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். எல்.என்.டி. வைத்த 2011 ஜெட்டா நெடுஞ்சாலையில் 50-இலிருந்து 46 மைலுக்கு இறங்கியது. யூரியா வைத்த 2015 ஜெட்டா 53-இலிருந்து 50.

லிட்டரில் மாற்றினால் முதல் வண்டிக்கு எட்டு, ஒன்பது சதவீதம், இரண்டாவதற்கு ஆறு. துளை அண்ணன் சொன்ன வழி வித்தியாசம் இங்கேயும் லேசாகத் தெரிகிறது. ஒரே வண்டியில் விதிக்குக் கீழ்ப்படிந்தால் எவ்வளவு, மீறினால் எவ்வளவு என்று அளக்க இப்படி ஒரு வாய்ப்பு இனிமேல் கிடைக்காது. ஃபோக்ஸ்வாகன் தெரியாமல் செய்துகொடுத்த ஆராய்ச்சி.

---

கேலன்_கணக்கு | பதிவு 12

ஆக மூன்று இடத்தில் எண் கையில் இருக்கிறது: அமேஸ் 11, பழைய ஜெட்டா 8 முதல் 9, புது ஜெட்டா 6. விதியின் உண்மையான விலை அந்த எல்லைக்குள். 61.4-க்கும் 28-க்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் பெரும்பகுதி கேலன், நாலு சக்கரம், கியர்பாக்ஸ், சோதனை.

எரிபொருளையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அமெரிக்க டீசலில் சீட்டேன் (டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்ற அளவு) குறைந்தபட்சம் 40, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 51. சீட்டேன் குறைந்தால் பற்றத் தாமதம், அதற்கேற்ப இன்ஜெக்ஷன் அமைப்பை மாற்ற வேண்டும். வழவழப்பிலும் வித்தியாசம் உண்டு. தேய்மானத் தழும்பின் அளவு ஐரோப்பாவில் 460 மைக்ரானுக்குள், அமெரிக்காவில் 520 வரை அனுமதி. உயரழுத்தப் பம்ப் தேயும் புகார்கள் அங்கே அதிகம் வந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். மைலேஜில் இதன் பங்கு சிறியதுதான்.

---

ஓஎம்ஆர்_டீசல் | பதிவு 13

2023 ஏப்ரலில் நிஜ சாலைச் சோதனை இந்தியாவுக்கு வந்தது. பி.எஸ்-6 இரண்டாம் கட்டம். இன்னொரு அடி விழுந்திருக்குமா?

---

இன்ஜெக்டர்_துளை | பதிவு 14

டீசலில் பெரிய அடி விழ வேண்டிய அவசியம் இல்லை தம்பி. ஐரோப்பாவில் இது முன்பே நடந்தது. 2017 செப்டம்பரில் புது மாடல்களுக்குச் சாலை அளவு வரம்பைப் போல 2.1 மடங்கு வரை இருக்கலாம் என்றார்கள், அதாவது 168 மி.கி. 2020-இல் 1.43 மடங்கு, 114 மி.கி. எல்.என்.டி. மட்டும் வைத்து நெடுஞ்சாலை வேகத்தில் அதை எட்டுவது கஷ்டம். புகையின் அளவும் சூடும் அதன் தாங்குசக்தியை மீறிவிடும். அதனால் எஸ்.சி.ஆர். பக்கம் நகர்ந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் ஒரு படி மேலே போய் என்ஜினை ஒட்டி ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் யூரியா தெளிக்க ஆரம்பித்தது.

விளைவு, யூரியாச் செலவு கூடியது. ஆரம்பக்கால யூரோ 6 கார்களில் 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டரை ஒட்டி இருந்தது, பிறகு ஒன்றரை, இரண்டு என்று ஏறியது. டீசல் செலவு அதே வேகத்தில் ஏறவில்லை. மைலேஜ் கணக்கில் யூரியா விலையையும் சேர்ப்பதுதான் நியாயம், யாரும் சேர்ப்பதில்லை.

---

ஓஎம்ஆர்_டீசல் | பதிவு 15

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பி.எஸ்-6 டீசல், தினமும் பத்து கி.மீ. நகர ஓட்டம். மைலேஜ் திடீரென்று விழுந்தால் எங்கிருந்து பார்ப்பது? சர்வீசில் "டி.பி.எஃப். சார், அப்படித்தான் இருக்கும்" என்பதைத் தாண்டி யாரும் சொல்வதில்லை.

---

நாலுகியர் | பதிவு 16

முதலில் விழுந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளே எண்ணை நம்பாதீர்கள். டேங்க் டு டேங்க்: ஒரே பங்க், ஒரே பம்ப், முதல் கிளிக்கில் நிறுத்துவது, மூன்று டேங்க் சேர்த்துக் கணக்கு. பல கார்களில் டி.பி.எஃப். எரிக்கும்போது பீய்ச்சும் டீசல் டிஸ்ப்ளேயில் ஒழுங்காகக் கணக்கில் வருவதில்லை.

பிறகு, எத்தனை கி.மீ.க்கு ஒருமுறை டி.பி.எஃப். எரிகிறது என்று பாருங்கள். அறிகுறிகள் தெரியும்: நின்றிருக்கும்போது ஐடில் 1000 பக்கம் ஏறும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, ஃபேன் சத்தமாக ஓடும், சூடான உலோக வாடை வரும். காரின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் கடைசி எரிப்பிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை கிராம் கரி என்று நேரடியாகவே காட்டும்.

கணக்கு இப்படி. ஒரு எரிப்புக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது என்று வைப்போம், 0.4. நெடுஞ்சாலை ஓட்டத்தில் 500 கி.மீ.க்கு ஒருமுறை, 100-க்கு 5 லிட்டர் என்றால் 25 லிட்டரில் 0.4, ஒன்றரை சதவீதம். நகரத்தில் 120 கி.மீ.க்கு ஒருமுறை, 100-க்கு 6 லிட்டர் என்றால் 7.2 லிட்டரில் 0.4, ஐந்தரை சதவீதம். பாதியில் சாவியை ஆஃப் செய்தால் செலவழித்த டீசல் வீண், அடுத்த ஓட்டத்தில் முதலிலிருந்து தொடங்கும். சோதனை விதியிலேயே இதற்குத் தனிக் கெழு உண்டு. என்.இ.டி.சி.-க்குப் பின் வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் உற்பத்தியாளர் அளக்க விரும்பாவிட்டால் 1.05 என்று போட்டுக்கொள்ளலாம். உங்கள் நகர எண்ணும் அதை ஒட்டியே வருவதைப் பாருங்கள்.

எரிப்பு நடப்பது தெரிந்தால் நிறுத்தாமல் 15, 20 நிமிடம் 60-க்கு மேல், ஒரு கியர் குறைத்து 2000 ஆர்.பி.எம். வாக்கில் ஓட்டி முடிக்க விடுங்கள். வடிகட்டி 600 டிகிரியில் இருக்கும், காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள்.

---

இன்ஜெக்டர்_துளை | பதிவு 17

அடிக்கடி எரிகிறது என்றால் வடிகட்டியை மாற்றச் சொல்வதற்கு முன் அழுத்த வித்தியாச சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாவி ஆன், என்ஜின் ஆஃப். அந்த நிலையில் பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யம் இல்லை என்றால் சென்சார் பொய் சொல்கிறது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் போகும் இரண்டு சின்ன ரப்பர் குழாய்களில் வெடிப்போ அடைப்போ இருந்தாலும் இப்படித்தான். குழாயின் விலை சில நூறு, வடிகட்டி லட்சத்தைத் தொடும்.

அடுத்து ஈ.ஜி.ஆர். வால்வு. முழுதாக மூடாமல் திறந்தபடி சிக்கினால் கரி கூடும், எரிப்பும் கூடும். தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றால் என்ஜின் சூடேறாது, கூலன்ட் 75-ஐத் தாண்டவில்லை என்றால் பல வண்டிகளில் எரிப்பே தொடங்காது. இது மைலேஜ் குறைவுக்கு ரொம்பப் பேர் தவறவிடும் காரணம்.

ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மட்டம் குறையாமல் ஏறினால், வடிகட்டியை எரிக்கப் பின்னால் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். மேல் கோட்டைத் தாண்டினால் கி.மீ. ஆகவில்லை என்று காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும். போடும் ஆயில், சாம்பல் குறைந்த ஏ.சி.இ.ஏ. சி2 அல்லது சி3, கையேட்டில் எது என்று உள்ளதோ அது. சாதாரண ஆயிலில் சாம்பல் அதிகம். கரி எரியும், சாம்பல் எரியாது. வடிகட்டியிலேயே தங்கி அதன் இடத்தைச் சுருக்கும்.

---

டாப்கியர்_தம்பி | பதிவு 18

இவ்வளவு தலைவலி எதுக்கு ப்ரோ? டி.பி.எஃப். கழட்டி ரீமேப் (என்ஜின் மென்பொருளை மாத்துறது) பண்ணா மைலேஜ் 3, 4 ஏறுதுன்னு சொல்றாங்க. புகைச் சான்றிதழும் கிடைச்சிடுது.

---

கேலன்_கணக்கு | பதிவு 19

3, 4 கி.மீ. ஏற எங்கே இடம் இருக்கிறது? மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். விதியின் மொத்த விலையே 6 முதல் 11 சதவீதம். 20 தரும் வண்டிக்கு அதிகபட்சம் 2.2 கி.மீ. வடிகட்டியின் பங்கு அதிலும் ஒரு துண்டு. மற்றது ரீமேப்புக்குப் பிறகு நிதானமாக ஓட்டிப் பார்த்ததில் வந்ததாக இருக்கும்.

புகைச் சான்றிதழ் மையத்தில் பார்ப்பது ஆக்சிலரேட்டரை மிதித்துப் புகையின் கருமை மட்டும். நாக்ஸும் துகள் எண்ணிக்கையும் அங்கே அளக்கப்படுவதில்லை. அதில் தேறுவதற்கும் வண்டி சரியாக இருப்பதற்கும் தொடர்பு இல்லை. அனுமதி பெற்ற அமைப்பை மாற்றுவது சட்டப்படி குற்றம், வாரண்டியும் போகும்.

---

மட்டுறுத்துநர் | பதிவு 20

வடிகட்டி கழற்றும் வழிமுறை, கடை, விலை எதையும் இங்கே பகிர வேண்டாம். இது தொடர்பான இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன.

---

ஓஎம்ஆர்_டீசல் | பதிவு 21

கடைசியாக ஒன்று. யூரியா வாளி மொத்தமாக வாங்கி வைத்தால் லிட்டருக்கு மலிவாக வருகிறது. வீட்டில் மொட்டை மாடி அறையில் வைக்கலாமா?

---

இன்ஜெக்டர்_துளை | பதிவு 22

அங்கே வேண்டாம். 25 டிகிரிக்குள் இருந்தால் 18 மாதம் தாங்கும், 30-இல் 12 மாதம், 35-இல் ஆறே மாதம். சென்னை மொட்டை மாடி அறையில் ஏப்ரல், மே இரண்டு மாதமே பாதி ஆயுளைத் தின்றுவிடும். தரைத்தளத்தில், வெயில் படாத மூலையில், மூடி இறுக்கமாக. ஐ.எஸ்.ஓ. 22241 என்று அச்சிட்டதையே வாங்குங்கள். உற்பத்தித் தேதி பார்த்து ஆறு மாதத்தில் தீரும் அளவு போதும்.

கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், 20 டிகிரியில் அடர்த்தி 1.087-க்கும் 1.093-க்கும் நடுவில். சந்தேகம் வந்தால் ஒளிவிலகல் மானியில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். குழாய்த் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டாதீர்கள், அதில் உள்ள கால்சியம் கேடலிஸ்டைக் கெடுக்கும். ஊற்றும்போது வெளியே சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், காய்ந்தால் வெள்ளை உப்பாகிப் பெயின்டைத் தின்னும்.

மூடி மாறி டீசல் டேங்கில் யூரியா போய்விட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். பம்ப் ஓடத் தொடங்கினால் உயரழுத்த டீசல் குழாய், இன்ஜெக்டர் வரை போய்விடும். இழுவை வண்டியை அழைத்து டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.